ஒன்னியக்காவின் நிலா வட்டம்

எதிர்வீட்டு ஹரிணி நேற்று சாயங்காலம் காலேஜிலிருந்து வந்ததும் வராததுமாக என் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். பீளமேட்டுக் காலேஜ் பிள்ளைகளுக்கு இப்போது எல்லாமே கொரியாதான். கொரிய சீரியலைச் சோறு தண்ணி இல்லாமல் பார்க்கிறார்கள், கொரியப் பாட்டுக்கு ஆடுகிறார்கள், கொரியாக்காரிகள் பூசுகிற கிரீமை வாங்கிப் பூசிக்கொண்டு நம் ஊர் வெயிலில் ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள். இவள் காலேஜில் நேற்று கொரியத் திருவிழாவாம். வாடகைக்கு எடுத்த உடுப்பில் குடை விரித்த மாதிரி நின்றுகொண்டிருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது கிம்பாப்புங்க ஆன்ட்டி. நாங்களே சுருட்டுனது. வெஜ்ஜுதான், பொரட்டாசின்னு பயப்படாம சாப்புடுங்க."

மூடியைத் திறந்தேன். கடல்பாசித் தாளில் சுருட்டி வட்டம் வட்டமாக நறுக்கிய சோறு. வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெயின் வாசம். நம் செக்கு நல்லெண்ணெய் வாசம் வேறு, இது வேறு. நம்முடையது சாது. தலையில் வைத்துத் தேய்த்தால்தான் இருப்பதே தெரியும். இது கொஞ்சம் கருகலாக, யாரையும் கேட்காமல் மூக்குக்குள் ஏறிவிடும். எத்தனையோ வருஷம் கழித்து அந்த வாசம் பட்டதும் நான் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஹரிணி பதறிப்போய், "பிரஷருங்களா ஆன்ட்டி?" என்றாள். நாற்பதைத் தாண்டியவர்கள் திடீரென்று உட்கார்ந்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது பிரஷர்தான்.

வேறு வருஷமாக இருந்தால் அவளே என்னைப் பின்னால் உட்காரவைத்துத் திருவிழாவுக்குக் கூட்டிப்போயிருப்பாள். இந்த வருஷம் கூப்பிடவில்லை. கூப்பிடாதே என்று அவளுடைய அம்மா சாந்தாமணி சொல்லியிருப்பாள். அதில் தப்பொன்றும் இல்லை, மரியாதைதான். சித்திரையில் என் அம்மா போய்விட்டாள். கொடுமுடியில் காவிரியில் அம்மாவைக் கரைத்துவிட்டு வந்தோம். வருஷம் திரும்புகிற வரைக்கும் எங்கள் வீட்டுக்கு நோம்பி கிடையாது. பொங்கலோ தீபாவளியோ, எங்கள் பக்கத்தில் பண்டிகை என்றால் எல்லாம் நோம்பிதான். சாவு நடந்த வீட்டில் நோம்பி கும்பிட மாட்டார்கள். ஆட்டம் பாட்டம் எதற்கும் அந்த வீட்டாரைக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தவும் மாட்டார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். நானும் அம்மாவும் மட்டும் இருந்த வீடு இது. இப்போது நான் மட்டும். ஐந்தாறு மாசமாக எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், மெதுவாக நடக்கிறார்கள். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்ல? அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். அந்த எண்ணெயை நான் முதலில் பார்த்தது ஒன்னியக்காவின் சமையலறையில்.

அப்போது நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. நூல் மில்களுக்கு மெஷின் செய்கிற கம்பெனி. ஆபீசில் டைப் அடிப்பது, போன் எடுப்பது, யாராவது இங்கிலீஷில் பேசினால் ஓடிப்போய் முன்னால் நிற்பது, இதுதான் என் வேலை. என் இங்கிலீஷ் அப்படியொன்றும் பிரமாதமில்லை. மற்றவர்கள் பயந்த அளவுக்கு நான் பயப்படவில்லை, அவ்வளவுதான். கொரியாவிலிருந்து புது மெஷின்கள் வந்தபோது அவற்றை நிறுத்தி ஓட்டிக் காட்ட கிம் சார் என்று ஒருவரும் கூடவே வந்தார். அவர் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. மெஷின் எப்படியோ ஓடியது.

அவருடைய மனைவிதான் ஒன்னியக்கா. ஒன்னி என்பது பேரில்லை. அவர்கள் பாஷையில் ஒரு பெண் தன்னைவிட மூத்த பெண்ணைக் கூப்பிடுகிற முறை, அதாவது அக்கா. பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம், ஒன்னி என்று கூப்பிடுங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டாள். எங்கள் பேக்கிங் செக்‌ஷன் பெண்களுக்கு வயதில் மூத்தவளை வெறுமனே ஒன்னி என்று கூப்பிட மனசு வரவில்லை. மரியாதைக்கு ஒரு அக்காவையும் சேர்த்துவிட்டார்கள். விஷயம் தெரிந்த நானும் அக்கா அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பீளமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு அப்பார்ட்மெண்டின் மேல்மாடியில் கம்பெனி அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்திருந்தது. அவளை ஆஸ்பத்திரிக்கோ மார்க்கெட்டுக்கோ கூட்டிப்போக வேண்டுமென்றால் என்னைத்தான் அனுப்புவார்கள். அப்படித்தான் ஒட்டிக்கொண்டோம். கடைகளில் கேட்டுக் கேட்டு அவள் தமிழில் முதலில் பிடித்தது 'ங்க'வைத்தான். அவர்கள் பாஷையிலும் வாக்கியத்தின் வாலில் மரியாதை வேண்டுமாம், அதனால் சுலபமாக வந்துவிட்டது. ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. வாசலில் படுத்திருக்கிற தெருநாயிடம் போய், "நாயிங்க, தள்ளிப் போங்க" என்பாள். நாயும் எழுந்து போகும். எங்கள் ஊர் நாய் அல்லவா.

அப்போதெல்லாம் கோயம்புத்தூரில் கொரியாக்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவளுக்குப் பேச ஆளில்லை. கிம் சார் விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவார். கூட்டம் சேர்த்தால்தான் உயிரோடு இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர்கள் ஊர் நோம்பி எது வந்தாலும் கிம் சாரை விட்டு எம்.டி.யிடம் கேட்கவைத்து, சாயங்காலம் கம்பெனி வேனில் பேக்கிங் செக்‌ஷன் பெண்களை அந்த மொட்டைமாடிக்கு வரவழைத்துவிடுவாள். இன்றைக்குப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற கொரியாவை நாங்கள் அந்த மொட்டைமாடியில் பாயில் உட்கார்ந்து பார்த்தோம்.

பேக்கிங் செக்‌ஷனுக்குச் சூப்பர்வைசர் ருக்குமணியக்கா. நல்ல உயரம், நல்ல குரல். தன் ஊரில் கும்மி என்றால் அவள்தான் முன்பாட்டு எடுத்துக் கொடுப்பாள். செக்‌ஷனில் அவள் வார்த்தையை யாரும் தட்ட மாட்டார்கள். கொரியப் புத்தாண்டுக்கு ஒன்னியக்கா அரிசிமாவு வில்லைகளைச் சூப்பில் போட்டுக் கொடுத்தபோது எல்லோரும் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ருக்குமணியக்காதான் முதலில் ஒரு வாய் குடித்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. நம்ம கொழுக்கட்டை தண்ணிக்குள்ள உழுந்துபோச்சாட்ட இருக்குது. குடிங்க, குடிங்க."

அதற்கப்புறம் சட்டி காலி. நடுவில் இடை சிறுத்த அவர்களுடைய மேளத்தைக் கிம் சார் எடுத்து வந்து தட்டினார். பெரிய உடுக்கை என்று சொல்லி ஆளாளுக்கு வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். நான்கு குச்சிகளை மேலே வீசிப் போட்டு விழுகிற கணக்குக்குக் காய் நகர்த்துகிற ஆட்டம் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தாள் பாருங்கள், அதில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து தாயம் விளையாடி வளர்ந்தவர்கள் எங்கள் ஆட்கள். கிம் சாரையும் அவளையும் வெட்டு வெட்டென்று வெட்டித் தள்ளினார்கள். தோற்க வைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க ஒன்னியக்கா, ஆட்டத்துல இரக்கம் பாக்கப்படாது" என்று மரியாதையாகவும் சொன்னார்கள்.

ஒன்னியக்கா தன் கல்யாணத்துக்கு உடுத்திய பட்டு உடுப்பை ஒரு நாள் ருக்குமணியக்காவுக்குப் போட்டுவிட்டாள். ருக்குமணியக்கா சேலையை அவிழ்க்க மாட்டேன் என்று சொல்லி அதன் மேலேயே போட்டுக்கொண்டாள். அந்தப் பெரிய பாவாடைக்குள் இன்னும் இரண்டு பேர் ஒளிந்துகொள்ளலாம். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்றய ஊட்டுக்காரரு பாத்தா எந்த ஊரு மகாராணின்னு கேப்பாரு" என்றாள். அவ்வளவு சிரிப்புக்கு நடுவில் ஒன்னியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் புரட்டாசிப் பௌர்ணமியை ஒட்டி அவர்களுக்குப் பெரிய நோம்பி. முதல் வருஷம் அதற்காகத்தான் என்னிடம் எள் கேட்டாள். கொடுமுடிப் பக்கம் எங்கள் சொந்தக்காரர் தோட்டத்தில் விளைந்த எள்ளை அம்மா ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள். அதை வறுத்து இடித்துச் சர்க்கரை சேர்த்துப் பூரணம் செய்து, அரிசிமாவுக்குள் வைத்துப் பாதி நிலா மாதிரி பிடிக்க வேண்டும். பைன் மர இலைமேல் வைத்துத்தான் வேகவைப்பார்களாம். ஊட்டிக்குப் போன கம்பெனி டிரைவர் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து போட்டார். வெந்தபோது மாடி முழுக்க மலைக்காட்டு வாசமும் எள் வாசமும். நிலாக் கொழுக்கட்டையை அழகாகப் பிடிக்கிறவளுக்கு நல்ல புருஷன் வாய்ப்பான் என்று அவர்கள் ஊரில் சொல்வார்களாம். நான் பிடித்தவை எல்லாம் நசுங்கிய தவளை மாதிரி இருந்தன. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கல்யாணம் எனக்கு அமையாமலே போனதற்கு அம்மா எத்தனையோ ஜாதகக் காரணங்கள் சொன்னாள். எனக்கு அந்தக் கொழுக்கட்டை மேல்தான் சந்தேகம்.

சாப்பிட்டு முடித்து நிலா நன்றாக மேலே ஏறிய பிறகுதான் நிலா வட்டம். பெண்கள் எல்லோரும் கைகோத்து வட்டமாகச் சுற்றுவது. ஒருத்தி முன்பாட்டுப் பாட, மற்றவர்கள் ஒரே அடியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் நடை, அப்புறம் வேகம், கடைசியில் ஓட்டம். நம் கும்மிதான், ஆனால் கைதட்டல் கிடையாது. அதுதான் எங்கள் பெண்களுக்கு வரவில்லை. அடி வந்ததும் கோத்த கையை உதறிவிட்டுத் தட்டிவிடுவார்கள், வட்டம் அறுந்துபோகும். ஒன்னியக்கா பொறுமையாக ஓடி ஓடிக் கைகளை எடுத்து எடுத்துக் கோத்துவிடுவாள். "கை விடாதீங்க. விடாதீங்க." இதைத்தான் அந்த ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மாவைப் பற்றி நான் கேள்விப்பட்டதும் அன்றைக்குத்தான். கொரியாவின் தெற்குக் கடலோரத்தில் ஒரு கிராமம். அங்கே நிலா வட்டத்துக்கு முன்பாட்டுக்காரி அவள் அம்மா. ஒன்னியக்கா ஒரே பிள்ளை. அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா தனியாகத்தான் இருக்கிறாள், போனில் பேசினால் சாப்பிட்டாயா என்ற ஒரே கேள்விதான் கேட்பாள் என்று சொன்னாள். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என் அம்மாவும் என்னை அதைத்தான் கேட்பாள். எங்கள் வீட்டுத் தெலுங்கு ஆந்திராக்காரர்களுக்குப் புரியாது, ஆனால் அந்த ஒரு கேள்வி யாருக்கும் புரியும்.

அடுத்த வருஷம் ஆடி மாசத்தில் அந்த அம்மா இறந்துபோனாள்.

ஒன்னியக்காவால் போக முடியவில்லை. பாஸ்போர்ட் அப்போது விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அங்கே மூன்றாம் நாளே எல்லாம் முடிந்துவிடுமாம். கையில் பாஸ்போர்ட் வந்தபோது முடிந்து எத்தனையோ நாளாகியிருந்தது. இனிமேல் வந்து என்ன செய்யப்போகிறாய் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவளும் போகவில்லை.

ருக்குமணியக்கா நல்ல நாளாகப் பார்த்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தாள். ஒன்னியக்கா பழச்சாறு, பிஸ்கெட் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். யாரும் தொடவில்லை. சாவு வீட்டில் யார் சாப்பிடுவார்கள்? ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிறகு ருக்குமணியக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல், திரும்பியும் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார்கள். துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வரக் கூடாது, உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஒரு மாசத்துக்கு முன்னால் அதே வாசலில் நின்று, "வாரேனுங்க ஒன்னியக்கா, வாரேனுங்க" என்று அரை மணி நேரம் விடைபெற்றவர்கள் அவர்கள். அவள் வாசலில் நின்று படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோபமுங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

கோபமில்லை, எங்கள் வழக்கம் என்று சொன்னேன். தலையாட்டினாள்.

அப்புறம் புரட்டாசிப் பௌர்ணமி வந்தது. அந்த நோம்பி வெறும் நோம்பியில்லை, செத்தவர்கள் வீட்டுக்கு வருகிற நாள். அவர்களுக்குத் தட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். முதல் வருஷம் கொழுக்கட்டையைப் பார்த்த எங்களுக்கு இது தெரியாது. அங்கே பௌர்ணமிக்கு வருகிறவர்கள் இங்கே அடுத்து வருகிற மகாளய அமாவாசைக்கு வருகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஊரில் அந்த அம்மாவுக்குத் தட்டு வைக்க ஆளில்லை. அதனால் இங்கேயே, பீளமேட்டிலேயே வைப்பது, பிறகு மொட்டைமாடியில் எல்லோரும் கைகோத்து அம்மாவின் பாட்டைப் பாடுவது என்று ஒன்னியக்கா முடிவு செய்தாள். அம்மாவுக்குச் செய்ய முடிந்தது அவளுக்கு அது ஒன்றுதான். அதற்காகக் கம்பெனிக்கே வந்து, ஷிப்ட் விடுகிற நேரத்தில் கேட்டில் நின்று, ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள்.

"பௌர்ணமிக்கு வாங்க. நிலா வட்டம். அம்மாவுக்குங்க."

"ஆகட்டுங்க" என்றார்கள். "வந்தாப் போச்சுங்க" என்றார்கள். ருக்குமணியக்கா, "பாக்கலாமுங்க ஒன்னியக்கா" என்று சொல்லி அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். முடியாதுங்க என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு வராது. ஒன்னியக்கா அத்தனை பேரும் வருவதாகக் கணக்குப் போட்டு அரிசி ஊறவைத்தாள்.

அன்றைக்கு எனக்கு லீவு. கம்பெனியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. கொழுக்கட்டை பிடிக்க வருவதாகச் சொல்லியிருந்தேன். கிளம்பும்போது அம்மா வழிமறித்தாள். "சாவு வீட்டுல போய் யாராவது ஆடுவாங்களா கண்ணு? அந்தப் புள்ள மனசு என்ன பாடு படும்?" என்றாள் தெலுங்கில். மாவு பிடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவையும் ஒன்னியக்கா கூப்பிட்டிருந்தாள். அம்மா வரவில்லை.

போனபோது அவர்கள் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு செருப்பைச் செருகியிருந்தாள். கொழுக்கட்டையைப் பிடித்து வேகவைத்து முடித்தோம். உள்ளே அவள் அம்மாவின் போட்டோ. அதற்கு முன்னால் பழம், கொழுக்கட்டை, சாதம், கிண்ணத்தில் ஏதோ பானம், எல்லாம் வரிசையாக. அந்தப் புழுக்கத்திலும் கிம் சார் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் போட்டோவுக்கு முன்னால் நெற்றி தரையில் படக் கும்பிட்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நானும் விழுந்து கும்பிட்டேன். பிறகு ஒன்னியக்கா மாடிக்குப் போய்ப் பாய்களை விரித்தாள். தட்டுகளை அடுக்கினாள். ஏர்போர்ட் பக்கம் நிலா சிவப்பாக ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் வேன் சத்தம் கேட்கிறபோதெல்லாம் கைப்பிடிச்சுவரில் போய் எட்டிப் பார்த்தாள். நிலா சிவப்பு மாறி வெளுத்தும் கம்பெனி வேன் வரவில்லை.

நான் கீழே இறங்கி வந்து ருக்குமணியக்காவுக்குப் போன் செய்தேன்.

"நீ அங்கயா இருக்கற அம்மணி?" என்றாள் ருக்குமணியக்கா. "ஏங் கண்ணு போன? பெத்தவ போயி ரெண்டு மாசமாகுல. அவிய நம்ம மனசு நோகக் கூடாதுன்னு கூப்புட்டுப் போட்டாங்க. அதுக்குன்னு நாம போயி அந்த ஊட்டுல கும்மியடிக்கறதுங்களா? எல்லாத்தையும் போக வேண்டாம்னு நாந்தான் சொல்லிப்போட்டேன். வேனையும் வேண்டாம்னு சொல்லியாச்சு. வருசம் திரும்பட்டும், பத்து நாளைக்கு வேணும்னாலும் ஆடலாம்."

அவள் குரலில் அவ்வளவு கரிசனம். ஒன்னியக்கா வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று நான் சொன்னேன். "அட சாமி" என்றாள். "படையலா போட்டிருக்காங்க? சொல்லியிருந்தா ஓடியாந்திருப்பனே கண்ணு. இனி பஸ்ஸைப் புடிச்சு இவளுகளையெல்லாம் எப்பக் கூட்டியாறது?" அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் அழுதேன்.

மாடிக்குப் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷையும் அவளுக்குத் தெரிந்த தமிழையும் சேர்த்துச் சொன்னேன். அவர்களுக்கு உங்கள் மேல் கோபமில்லை. பிரியம்தான். எங்கள் ஊரில் மரியாதை என்றால் இதுதான். அவள் முழுக்கக் கேட்டாள்.

"புரியுதுங்க" என்றாள்.

தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக எடுத்து வைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அம்மா இந்தியா பாத்ததில்லைங்க. வழி தெரியாதுங்க. பாட்டுச் சத்தம் கேட்டா, அதைப் புடிச்சு வருவாங்க. சத்தம் இல்லீங்க."

நான் எழுந்துபோய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேர் நின்றால் வட்டமா என்று கேட்காதீர்கள். சுற்றினோம். அவள் முன்பாட்டுப் பாடினாள், நான் பின்பாட்டு. அர்த்தம் தெரியாத அந்த ஒரே அடியை என்னால் முடிந்த அளவுக்குச் சத்தமாகப் பாடினேன். எனக்குப் பாட வராது, பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த யாரோ ஒரு பெண் நின்று பார்த்தாள், எதைப் பற்றியும் நினைக்கவில்லை. நாலைந்து சுற்று வந்திருப்போம். ஒன்னியக்கா நின்றுவிட்டாள். இதற்கு மேல் தனக்குப் பாட்டு தெரியாது என்றாள். இதற்கு மேல் எப்போதும் அம்மாதான் பாடுவாளாம்.

கீழே வந்து மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். கும்பிட்ட தட்டில் இருப்பதைப் பகிர்ந்து சாப்பிட வேண்டுமாம். மூன்று பேர் எவ்வளவு சாப்பிட முடியும்? மிச்சத்தை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ருக்குமணியக்கா லீவு போட்டுவிட்டு வந்து ஒன்னியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பரவால்லீங்க, பரவால்லீங்க" என்று ஒன்னியக்கா அவளுக்கு முதுகைத் தடவிக் கொடுத்தாள். அமாவாசைக்கு எல்லோருமாகச் சேர்ந்து வருகிறோம் என்று ருக்குமணியக்கா கெஞ்சினாள். அம்மா வருகிற நாள் போய்விட்டது என்று ஒன்னியக்கா சொல்லவில்லை. "பாக்கலாமுங்க" என்றாள். அந்த வார்த்தையை எங்களிடம்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மொட்டைமாடியில் ஒன்றும் நடக்கவில்லை. மார்கழியில் மெஷின் வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பினார்கள். கம்பெனி கேட்டில் எல்லோரும் வரிசையாக நின்று, "போயிட்டு வாங்க ஒன்னியக்கா, போயிட்டு வாங்க" என்று அழுதார்கள். அவள் ஒவ்வொருத்தியிடமும் குனிந்து கும்பிட்டாள். வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள். எங்கள் வழக்கத்தை நன்றாகவே பழகியிருந்தாள். கொஞ்ச நாள் புது வருஷத்துக்குப் போனில் மெசேஜ் வரும். அப்புறம் அந்த நம்பர் இல்லை என்றது.

அந்தக் கம்பெனி இப்போது குடோன். பேக்கிங் செக்‌ஷன் இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. ருக்குமணியக்கா காலமாகிவிட்டாள். அந்த அப்பார்ட்மெண்டை இடித்துவிட்டு இன்னும் உயரமாக ஒன்று கட்டியிருக்கிறார்கள், மாடிக்குப் போகிற கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். நிலா வட்டத்தின் அந்த ஒரே அடி எனக்கு ஞாபகம் இருந்தது. நேற்று ஹரிணியிடம் பாடிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை.

இன்றைக்குப் பௌர்ணமி. காலையிலேயே அரிசிமாவு பிசைந்தேன். சாவு வீட்டில் பலகாரம் செய்யக் கூடாதுதான். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? கொடுமுடி எள்தான், வறுத்து இடித்துப் பாதி நிலாவாகப் பிடித்தேன். இத்தனை வயதுக்கும் தவளையாகத்தான் வந்தது. அம்மா போட்டோவுக்கு முன்னால் வைத்தேன். சாயங்காலம் வாசல் கதவை விரியத் திறந்து, அடியில் என் செருப்பைச் செருகினேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் இப்போதெல்லாம் பெண்கள் கும்மி பழகுகிறார்கள். இன்றைக்கு அரங்கேற்றமாம். மைக் வைத்துப் பாட்டு நன்றாகக் கேட்டது. அம்மாவுக்கு இந்த வீட்டு வழி தெரியும். இருந்தாலும் சத்தம் இருக்கட்டும் என்று விளக்குப் போடாமல் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

சாந்தாமணி கும்மிக்குக் கிளம்பி வந்தாள். பச்சைச் சேலை, தலை நிறையப் பூ. என்னைக் கூப்பிடாமல் போகிற சங்கடத்தில் சத்தமில்லாமல் நடந்தவள், என் வாசலில் நின்றுவிட்டாள். குனிந்து செருப்பை எடுத்து ஓரமாக, ஜோடியாக வைத்தாள்.

"ஏனுங்க, கதவு தொறந்தே கெடக்குதுங்க. கும்மிச் சத்தம் உங்குளுக்குச் சங்கடமா இருக்கும். சாத்திப்போட்டுப் போறனுங்க" என்றாள்.

முடியாதுங்க என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு வராது. "செரீங்க" என்றேன்.